சிசிலியாவுக்கு ஒரு ஷவர்

அந்தமானின் ஜங்லிகாட்டில் வேதநாயகத்துக்கு 'டாங்கி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு; அங்கே பேசுகிற இந்தியில் தண்ணீர்த் தொட்டி என்று அர்த்தம். காலையில் கண் விழித்ததும் சிலுவை போட்டுக்கொள்கிறாரோ இல்லையோ, மாடியேறித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிடுவார் மனுஷன். போர்ட் பிளேரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. மழை கொட்டித் தீர்க்கிற தீவில் இப்படியொரு கூத்தா என்று மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். கோடையில் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடும்போதும் வேதநாயகத்தின் தொட்டியில் தண்ணீர் கிடக்கும். அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தின் பாரத்தைச் சுமந்தது என்னவோ அவர் மனைவி சிசிலியாதான்.

வேதநாயகம் ஓய்வு பெறும் வரைக்கும் கார் நிக்கோபார் தீவுக்குப் போகிற கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். கப்பலில் நல்ல தண்ணீர் என்றால் பொன்னுக்குச் சமானம். குளிக்கப் போனவன் கொஞ்சம் சொகுசாக நின்றுவிட்டால் போதும், வெளியே நிற்கிறவன் கதவில் இரண்டு தட்டு தட்டுவான். நிறுத்து, வெளியே வா என்று அர்த்தம். கப்பல் பழக்கத்தைக் கப்பலோடு விட்டுவிட்டு வரவேண்டியதுதானே? கல்யாணம் ஆன புதிதிலேயே வீட்டுக் குளியலறைக் கதவிலும் தட்ட ஆரம்பித்துவிட்டார். "முடிச்சிட்டேங்க" என்று உள்ளேயிருந்து உடனே பதில் வரும். அவரும் நிம்மதியாகப் பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

சென்னையில் வேலையிலிருக்கும் மகன் ஷெல்டன் ஒருமுறை லீவில் வந்தபோது அம்மாவுக்காகப் பம்பு வைத்த ஷவர் ஒன்று மாட்டிக் கொடுத்தான். பட்டனை அமுக்கினால் மழை மாதிரி கொட்டும். அந்தச் சில நாள்கள் குளியலறைக்குள்ளிருந்து சிசிலியாவின் பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் பாடுவாள் என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. மகன் கப்பலேறிய வாரத்தில் குழாய்த் தண்ணீர் வராமல் போய், தொட்டி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வந்ததே கோபம் வேதநாயகத்துக்கு!

"மகாராணிக்கு அருவியில குளிக்கதா நினைப்போ?" என்று கத்திவிட்டுப் பம்பின் வயரைப் பிடுங்கிப் போட்டார்.

சிசிலியாவுக்கு மறுநாளிலிருந்து பழையபடி வாளியும் கப்பும்தான். பாட்டும் நின்றுபோனது.

போன மழைக்காலத்தில் மாதா கோயில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. இடது கைக்கு முட்டுவாதம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட அடுத்த வீட்டு ஷோபா வர ஆரம்பித்தாள். நல்ல பெண், முகம் சுளிக்க மாட்டாள். ஆனாலும் சிசிலியாவுக்கு மனசு ஒப்பவில்லை.

"இன்னொருத்தி முன்னால சின்னப்பிள்ளை கணக்கா உக்காந்து குளிக்க கூச்சமா இருக்குங்க. சாவுத வரைக்கும் இப்பிடித்தானா?" என்றாள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்.

"நான் ஊத்துதேனே பிள்ளே."

"நீங்களா?" என்று சிரித்தாள் சிசிலியா. "நீங்க ஒவ்வொரு கப்பையும் எண்ணிலா ஊத்துவிய!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு அதற்குப்பின் சோறு இறங்கவில்லை. எழுந்துபோய்ப் பழைய பம்பில் வயரைச் செருகிப் பார்த்தார். ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. உப்புக் காற்று உள்ளே எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தது. ஓடவிட்டிருந்தால் இன்னும் பத்து வருஷம் உழைத்திருக்கும், எஞ்சின்காரருக்கு அது தெரியாதா என்ன? அன்றைக்கே கோல்கரில் யோகராஜின் கடைக்குக் கிளம்பிவிட்டார். பம்பு, குழாய் எல்லாம் விற்பதும் யோகராஜ்தான், வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுப்பதும் அவன்தான்.

"ஆயியே, வாங்க அங்கிள்! உங்களுக்குன்னே ஒரு ஷவர் வந்திருக்கு. தண்ணி பொட்டு பொட்டாத்தான் விழும்" என்று கண்ணைச் சிமிட்டினான் அவன்.

"பஸ், போதும், வாய மூடுலே. இருக்கதுலயே ஜோராக் கொட்டுதத எடு."

யோகராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தான். "தபியத் டீக் ஹை நா, அங்கிள்? உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

அவர் சாமான்களைப் புரட்ட ஆரம்பித்தார். பளபளவென்று மின்னிய ஒன்றை நகத்தால் சுரண்டிப் பார்த்து, இது இரும்பு, ஒரு மழைக்குக்கூடத் தாங்காது என்று ஒதுக்கினார். உச்சியில் மாட்டுகிற அகலத் தட்டும் வேண்டாம், அதைத் திருப்ப அவளுக்குக் கை எட்டாது. கடைசியில் பித்தளைக் கம்பியில் ஏற்றி இறக்குகிற கை ஷவர் ஒன்று அகப்பட்டது. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டன். கண்ணை மூடிக்கொண்டு, சிசிலியாவைப் போல விரல்களை மடக்கி வைத்து, முழங்கையால் அந்தப் பட்டனை அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு.

யோகராஜ் மறுநாளே வந்து புதுப் பம்போடு மாட்டினான். கம்பியைத் தாழ்வாகப் போடச் சொன்னார், உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் போட்டார். மாடியில் இன்னொரு தொட்டிக்கும் ஏற்பாடு செய்தார். பட்டனை அமுக்கியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து யோகராஜின் முகத்திலேயே அடித்தது. சிசிலியா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று வேதநாயகம் நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் இரண்டு தொட்டியும் தளும்ப நின்றன. ஷோபாவை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. சிசிலியா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏட்டி, ஆற அமரக் குளி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"சரிங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்தார். பாட்டு வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பாட்டு வரவில்லை. கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தண்ணீர் நின்றது. மறுபடி ஒரு நொடி சீறியது, நின்றது. இன்னொரு நொடி, மறுபடியும் நின்றது. மிச்சம் பிடித்துக் குளித்துக்கொண்டிருந்தாள் அவள்.

அவருக்குத் தாங்கவில்லை. ஐயோ பாவி மகளே, இன்றைக்குமா? தண்ணீர் மறுபடி ஓட ஆரம்பித்ததும் எழுந்து, "விட்டுக் குளிட்டி! நிறுத்தாத!" என்று கத்தினார். பம்புச் சத்தத்தில் உள்ளே கேட்கவில்லை போலிருக்கிறது. அவசரத்தில் கையை ஓங்கிக் கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டார்.

தண்ணீர் சட்டென்று நின்றது.

"முடிச்சிட்டேங்க, இதோ வந்துட்டேன்!"

"இல்லட்டி, நான் நிறுத்தச் சொல்லல..."

அதற்குள் கதவு திறந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு, குற்றம் செய்த பிள்ளை மாதிரி அரைச் சிரிப்போடு நின்றாள் சிசிலியா. "ரொம்ப ஓடவிட்டுட்டேனோ?"

அவளுடைய காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் சோப்பு நுரை அப்படியே இருந்தது. வேதநாயகம் துண்டு முனையால் அதைத் துடைத்தார். இத்தனை வருஷமும் அவர் கதவைத் தட்டிய நாளெல்லாம் அவள் இந்த நுரையோடுதான் வெளியே வந்திருக்க வேண்டும். அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"உள்ள போ பிள்ளே, இன்னும் குளி" என்றார்.

"போதுங்க" என்று அவர் கையிலிருந்து துண்டு முனையை வாங்கிக்கொண்டாள் சிசிலியா. "நாளைக்குத் தண்ணி வருதோ என்னவோ."