பதினெட்டே முக்கால் அங்குலம்

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஒரு வார்த்தை பேச நாலு தடவை யோசிப்பார். வாசல் அறைதான் கடை. அங்கே அவருக்குத் துணை ஒரு டேப்ரெக்கார்டரும் ஒரே ஒரு கேசட்டும்.

"ஊரே போன்ல பாட்டுக் கேக்குது. நீங்க மட்டும் ஏங்க இந்த டப்பாவைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்று நான் கேட்காத நாள் கிடையாது.

"போன்ல கோடிப் பாட்டு இருக்கு. எதைக் கேக்கலாம்னு தேடி முடிக்கறதுக்குள்ள ஒரு சட்டை தைச்சிடுவேன். இதைத் திருப்பிப் போடவாவது எழுந்து நடக்கறேன்ல?" என்பார்.

எங்கள் மகளுக்கு நாலு வயதிருக்கும்போது அந்தக் கேசட்டின் நாடா உள்ளே சிக்கிக் கசங்கிப்போனது. அவளுக்கு உயிரான பாட்டு. வீடே அதிர அழுதாள். வேறு யாராவது என்றால் புதிதாக வாங்கியிருப்பார்கள். இந்த மனுஷன் அளவு டேப்பை எடுத்து, கசங்கிய இடத்தைத் துணி மாதிரி அளந்தார். பதினெட்டே முக்கால் அங்குலம். கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டிவிட்டார். பாட்டில் இரண்டு வரி போயே போச்சு. நாங்கள் மூன்று பேரும் அப்படியே தாவிப் பாடிப் பழகிவிட்டோம்.

வினை பதினெட்டு வருஷம் கழித்து வந்தது. மேடைக் கச்சேரிக் குழுவில் பாடகியாகச் சேர மகள் தேர்வுக்குப் போனாள். அந்தப் பாட்டைத்தான் பாடினாள். தெரிந்த பாட்டைப் போய் யார் போனில் கேட்டுப் பார்ப்பார்கள்? வாத்தியங்கள் ஒரு வரியில் நிற்க, இவள் இரண்டு வரி தாண்டி நின்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "முழுசாக் கேட்டுட்டு அடுத்த மாசம் வாம்மா" என்று அனுப்பிவிட்டார்களாம்.

வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு புதுக் கேசட் வாங்க உங்களுக்கு மனசு வரலையாப்பா? மானமே போச்சு!"

அதோடு பேச்சு நின்றது. அவர் பாட்டுப் போடுவதையும் நிறுத்தினார். ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாகத் தைத்து வைத்தார். நான் மத்தளம், இரண்டு பக்கமும் இடி. "அவரைச் சாப்பிடச் சொல்லும்மா." "அவ சாப்ட்டாளான்னு கேளு." இரண்டும் ஒரே அச்சு, பிடிவாதப் பிண்டங்கள்! எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

அடுத்த மாதம், போனில் கேட்டுப் பழகிய பாட்டைச் சரியாகப் பாடித் தேறிவிட்டாள். அதையும் என்னிடம்தான் சொன்னாள். அவரிடம் பேசவில்லை.

இவர் என்ன செய்தார் தெரியுமா? பழைய சாமான் கடை ஒன்று விடாமல் அலைந்து, அதே கேசட்டை வெட்டு ஒட்டு இல்லாததாக வாங்கி வந்தார். பழையதை வெட்டுத்துணி மூட்டையில் போட்டுவிட்டு, அவள் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்துப் புதியதை ஓடவிட்டார். அந்த இரண்டு வரியும் வந்தது.

மகள் வாசலிலேயே நின்றாள். "அப்பா, பழசு எங்க?"

ஒரு மாதத்துக்கப்புறம் முதல் பேச்சு. அவர் மூட்டையைக் கைகாட்டினார்.

பையை எறிந்துவிட்டு மூட்டையைக் கவிழ்த்தாள். அறை முழுக்கத் துண்டுத்துணி. பழைய கேசட்டைக் கிளறி எடுத்து, ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டு, அவர் கையில் வைத்தாள்.

"அந்த ரெண்டு வரி மேடையில இருக்கட்டும்ப்பா. நான் அழுதேன்னு நீங்க ஒட்டினீங்கல்ல? அதான் என் பாட்டு. இதைப் போடுங்க."

தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் புதுச் சட்டையிலேயே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் திட்டவில்லை.