மூன்று அரைவட்டங்கள்

நான் வேதியியல் படித்தவள். வெள்ளி உப்பின் மேல் வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், சமன்பாடு எழுதிக் காட்டுவேன். இங்கே சொல்லப்போவதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை. ஆனால் நடந்தது. இந்த விரல்களால் தொட்டது. அதுவும் பட்டப்பகலில், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது.

என் அக்காவின் கணவர் மலை, அருவி, ஏரி என்று நிலக்காட்சிப் படங்கள் எடுப்பவர். அவருடைய பெரிய கேமராவுக்குச் சுருள் ஃபிலிம் ஆகாது. ஒரு படத்துக்கு ஒரு தாள், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக. அந்தத் தாளை ஹோல்டர் என்ற தட்டையான சட்டத்துக்குள் செருக வேண்டும். பக்கத்துக்கு ஒரு தாள், அதன் மேல் ஒரு மூடுதகடு. தகட்டின் பிடியில் வெள்ளை தெரிந்தால் இன்னும் படம் எடுக்கவில்லை. கறுப்பு தெரிந்தால் எடுத்தாயிற்று.

அத்தானிடம் உதவிக்கு இருந்த பெண் மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாளாம். அக்காவின் கல்யாணத்துக்கு முந்தைய கதை அது. அந்த வேலைக்குத்தான் நான் வந்தேன்.

"அந்த இருட்டு ரூமும் பேசாது, இவளும் பேச மாட்டா. நல்ல ஜோடி" என்று அக்கா சிரித்தாள்.

இருட்டறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. தாள் ஃபிலிம் போடும்போது சிவப்பு விளக்குகூடக் கூடாது. விரல்தான் கண். ஒவ்வொரு தாளின் மூலையிலும் சின்ன வெட்டுகள் இருக்கும். அவை வலது கை ஆள்காட்டி விரலுக்கு அடியில், மேல் மூலையில் வந்தால் மருந்து பூசிய பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். வெட்டின் வடிவத்தை வைத்தே எந்த வகை ஃபிலிம் என்றும் சொல்லிவிடலாம்.

கூடத்தில் ஓர் அருவிப் படம் மாட்டியிருந்தது. அத்தானுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படம். ஓரத்தை வெட்டாமல், தாளின் கறுப்பு விளிம்போடு அப்படியே அச்சடித்திருந்தார். "நான் எடுத்தா எடுத்ததுதான். கத்தரி வெக்க மாட்டேன்" என்பார்.

அந்தக் கறுப்பு விளிம்பில் மூன்று சின்ன அரைவட்டங்கள் இருந்தன.

எனக்கு அது என்னவென்று தெரியும். எந்த ஹோல்டரில் எந்தப் படம் எடுத்தோம் என்று பின்னால் கண்டுபிடிக்க, சிலர் ஹோல்டரின் விளிம்பை அரத்தால் ராவி அடையாளம் போடுவார்கள். அது படத்தில் பதியும். அத்தானின் ஐந்து ஹோல்டர்களிலும் அப்படி எதுவும் இல்லை.

ஒருநாள் கேட்டேன்.

"தூசி" என்றார்.

தூசி ஒரே அளவில், ஒரே இடைவெளியில் மூன்று விழாது. ஆனால் நான் எதிர்த்துப் பேசுகிற ரகம் இல்லை.

அந்த மாதம் படக் கண்காட்சிக்காரர்கள் அதே அருவியை மறுபடி எடுத்துத் தரச் சொன்னார்கள். அத்தான் எப்போதும் கண நேர வெளிச்சத்திலேயே பதிந்துவிடும் வேகமான ஃபிலிம்தான் வாங்குவார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"வேகம் கம்மியானதை வாங்கலாமா அத்தான்? பெருசா அச்சடிச்சாலும் பொடிப்பொடியா புள்ளி தெரியாது. பாறையில ஒவ்வொரு கீறலும் வரும்."

"காத்தடிச்சா? ரொம்ப நேரம் திறந்து வெக்கணுமே."

"பாறை ஆடாதே அத்தான்."

"அட! விஞ்ஞானி வாயைத் திறந்துட்டா!"

அந்த வீட்டுக்குள் அந்த வகை ஃபிலிம் வந்தது அதுதான் முதல் தடவை. பழையதில் மூலைக்கு ஒற்றை வெட்டு. இதில் ஓர் அகல வெட்டு, ஒட்டினாற்போல் ஒரு குறுகல் வெட்டு.

அருவிக்கு எதிரே ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் அக்காவை நிறுத்தி எடுக்கப்போவதாக அத்தான் சொன்னார். அருவி எவ்வளவு பெரியது என்று காட்ட ஓர் ஆள் வேண்டுமாம்.

"கல்யாணமாகி என்னை எடுக்கற முதல் படம்" என்றாள் அக்கா. "அதுவும் எறும்பு சைஸ்ல."

சாயங்காலம் கிளம்ப வேண்டும். மதியம் ஹோல்டர்களில் ஃபிலிம் போட உள்ளே போனேன். கதவைத் தாழிட்டேன். விளக்கை அணைத்தேன்.

முதல் ஹோல்டர் சரியாகப் போனது. இரண்டாவதும்.

மூன்றாவதில்தான் கவனித்தேன். நான் பெட்டிக்குள் துழாவவே இல்லை. கையை நீட்டியதும் தாள் வந்துவிடுகிறது. வெட்டு மூலை சரியாக என் விரலுக்கு அடியில்... யாரோ எடுத்துக் கொடுப்பதுபோல.

பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவதை முடித்து வைத்தேன். வேலை முடிந்தது. மேசையில் கையை ஊன்றினேன்.

இன்னொரு ஹோல்டர் இருந்தது.

ஈரமாக இருந்தது. ஜில்லென்று. நனைந்த கல்லின் வாடை அடித்தது. விளிம்பைத் தடவினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று அரைவட்டங்கள்.

கையை இழுத்துக்கொண்டேன். அப்போது சத்தம் கேட்டது. தாள் சட்டத்துக்குள் போகும் சத்தம். சர்ர்ர்... தகடு மூடும் சத்தம். டக்.

ஹோல்டரை யாரோ மறுபக்கம் திருப்பி வைத்தார்கள்.

மறுபடி... சர்ர்ர்...

டக்.

என் கைகள் இரண்டும் நெஞ்சில் இருந்தன.

விளக்கைப் போட வேண்டும். ஆனால் ஃபிலிம் பெட்டி திறந்திருக்கிறது. போட்டால் அத்தனையும் பாழ். உயிர் போகிற நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

பெட்டி மூடியது. டப்.

நான் மூடவில்லை.

காதோரம் ஒரு பெண் குரல். மூச்சு அளவுக்குத்தான் இருந்தது.

"படம் என்னுது."

பிறகு...

"உன் அக்கா வேணாம். அவர் மட்டும் வரட்டும்."

விளக்கைப் போட்டேன். மேசை மேல் ஐந்து ஹோல்டர்கள். ஆறாவது இல்லை. அது இருந்த இடத்தில் மட்டும் நீள்சதுரமாக ஈரம்.

வெளியே அக்கா காருக்குள் குடையை வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா வர மாட்டா."

"யார் சொன்னா?" என்றார் அத்தான்.

"நான்."

"ஏய், என்னாச்சுடி உனக்கு?" அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. "மூணு அரைவட்டம் ராவின ஹோல்டர் உள்ளே இருந்துது, அத்தான். ஈரமா இருந்துது."

அவர் முகத்தில் ரத்தம் வற்றியது.

"இருக்காது. அது அவகூடவே..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். அக்கா அவரையே பார்த்தாள். பிறகு காரிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அத்தான் தனியாகக் கிளம்பினார். படம் எடுக்கப் போனாரா, எதையாவது பார்த்துவிட்டு வரப் போனாரா, எனக்குத் தெரியாது. அவர் திரும்பவில்லை.

மறுநாள் காலை அருவிக்குக் கீழே, மடுவில் கிடந்தார். பாறையின் பின்பக்கம் கேமரா மூன்றுகாலியில் அப்படியே நின்றிருந்தது. அதில் ஹோல்டர் இல்லை. ஐந்தும் பைக்குள் இருந்தன. எல்லாத் தகடுகளிலும் வெள்ளை. அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

அவரை எடுக்க முக்குளித்தவர்கள் மடுவின் அடியில் இன்னொன்றையும் கண்டார்கள். பாறை இடுக்கில் எலும்புகள். ஒரு பெண்ணுடையவை. தோள்பை மட்டும் மக்காமல் இருந்தது. அதற்குள் ஒரு ஹோல்டர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லாமல் போனவள் எங்கேயும் போயிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா அந்த ஹோல்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "இது என்னம்மா? தொறந்து காட்டு."

விளிம்பில் மூன்று அரைவட்டங்கள். ஒரு பக்கத் தகட்டில் வெள்ளை. மறுபக்கம் கறுப்பு.

"இதுல ஒரு படம் எடுத்திருக்கு, மேடம். வெளிச்சத்துல தொறக்கக் கூடாது."

"மூணு வருஷம் தண்ணில கெடந்தது. உள்ளே என்ன இருக்கும், சேறுதான். சரி, நானும் கூட வரேன்."

இருட்டில் தகட்டை இழுத்தேன். சேறு இல்லை. ஈரம்கூட இல்லை. தாள் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. மூலையைத் தடவினேன்.

ஓர் அகல வெட்டு. ஒட்டினாற்போல் ஒரு குறுகல் வெட்டு.

நான் வாங்கச் சொன்ன ஃபிலிம். அந்த மாதம்தான் அந்த வீட்டுக்குள் வந்த ஃபிலிம். எங்கள் பெட்டியில் இரண்டு தாள் குறைந்திருந்ததைப் பிறகு எண்ணிப் பார்த்தேன்.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கறது நீதானேம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் இரண்டு கைகளும் மருந்துத் தட்டுக்குள் இருந்தன.

படம் வந்தது. கழுவிக் காயவைத்து, சிவப்பு விளக்கில் அச்சடித்துப் பார்த்தோம். இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அத்தான். நுனிப்பாறையில் நிற்கிறார். அருவிச் சாரலில் சட்டை நனைந்திருக்கிறது. இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருக்கின்றன, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல. வாய் திறந்திருக்கிறது. கண்கள் நேராகக் கேமராவைப் பார்க்கின்றன.

நல்ல படம். பொடிப்புள்ளி இல்லை. பாறையில் ஒவ்வொரு கீறலும் தெரிந்தது. கறுப்பு விளிம்பில் மூன்று அரைவட்டங்கள்.

அக்கா கூடத்துப் படத்தைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடமே கொடுத்துவிட்டாள். "அந்தப் பொண்ணோட அம்மா இருந்தா அவங்ககிட்ட குடுத்துடுங்க. அவ ஹோல்டர்ல அவ எடுத்த படம்."

கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று புதுப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"அவரோட கேமரா பாறைக்குப் பின்பக்கமில்ல நின்னுது?"

"ஆமா மேடம்."

"இதுல அவர் முகம் தெரியுதே. அவருக்குப் பின்னாடி பாறை தெரியுது. அந்தக் கேமராவே தெரியுது பாரு."

பார்த்தேன். அவர் தோளுக்குப் பின்னால், சின்னதாக, மூன்றுகாலியில் அத்தானின் கேமரா நின்றிருந்தது.

அப்படியென்றால் இந்தப் படத்தை அவருக்கு முன்னால் நின்றுதான் எடுத்திருக்க வேண்டும்.

அவருக்கு முன்னால் தரை கிடையாது. மடு வரைக்கும் வெறும் காற்றுதான்.