ரீக்காவின் மூக்கிலிருந்த கிருமி

அறுபத்தாறு வயதில் ரீக்காவுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. ஹெல்மொண்ட் நகர மருத்துவமனையில் செயற்கை மூட்டு வைக்க நாள் குறித்தார்கள். 'பன்றிகளோடு வேலை செய்கிறீர்களா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. கணவர் லாம்பெர்ட்டும் அவளும் நாற்பது வருடமாகப் பன்றிப் பண்ணை நடத்துகிறவர்கள். ஆமாம் என்று எழுதினாள். மூக்குக்குள் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதித்ததில், பன்றிகளிடமிருந்து தொற்றும், வழக்கமான மருந்துகளுக்கு மசியாத கிருமி ஒன்று அங்கே குடியிருந்தது.

"எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே," என்றாள்.

"மூக்குல இருக்கிற வரைக்கும் அது சும்மா இருக்கும்," என்றாள் செவிலி யூதித். "புது மூட்டுல ஒட்டிக்கிச்சுன்னா லேசுல போகாது. மூட்டையே திரும்ப எடுக்க வேண்டி வரலாம். அஞ்சு நாள் மூக்குக்குக் களிம்பு, குளிக்க இந்த சோப்பு, தினம் துவைச்ச விரிப்பு. கொட்டகைப் பக்கம் போகாதீங்க. போய்ட்டு வர்ற ஆளோடவும் இருக்காதீங்க."

"அந்த ஆள் என் புருஷன்."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

ரீக்கா தங்கை நெல்லின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். மருந்து முடிந்து சோதித்தபோதும் கிருமி இருந்தது. கொட்டகைக்குப் போனீர்களா என்று யூதித் கேட்டதும் அவள் மறைக்கவில்லை. நாலாம் நாள் ஒரு பன்றி ஈன முடியாமல் தவித்தது, லாம்பெர்ட் கூப்பிட்டார், போனாள்.

"அரை மணி நேரம்தான் இருந்தேன்."

யூதித் திட்டவில்லை. அறுவை சிகிச்சையை மூன்று வாரம் தள்ளி எழுதினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ரீக்காவுக்கு.

மறுபடி களிம்பு, சோப்பு. லாம்பெர்ட் தினமும் சைக்கிளில் வந்து நெல் வீட்டுப் பால்கனிக்குக் கீழே நின்றார்.

"இன்னொண்ணு ஈனப் போகுது. என்னைக் கிட்டவே விடமாட்டேங்குது."

"அதட்டாம பேசு. என்கிட்ட பேசுற மாதிரி பேசாத."

"மேல வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போறேனே?"

"அங்கயே நில்லு."

தங்கை நெல் சிரித்தபடி காப்பியைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தப் பன்றி ஈன்ற பன்னிரண்டில் இரண்டு செத்தன. "நீ இருந்திருந்தா பிழைச்சிருக்கும்," என்றார் லாம்பெர்ட். அந்தப் பேச்சு ரீக்காவை உறுத்தியது. ஆனாலும் கொட்டகைக்குப் போகவில்லை.

இம்முறை கிருமி இல்லை. மூட்டு வைத்தார்கள். புண் நன்றாக ஆறும்வரை நெல்லின் வீட்டிலேயே இருந்தாள். எட்டாம் வாரம் கால்வாய்க் கரையில் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாள். இப்போது வலது இடுப்பு மூட்டை மாற்றவும் பெயர் கொடுத்திருக்கிறாள். அதற்காக அவள் விலகியிருக்கும் வாரங்களில் பன்றிகளுக்குப் பிரசவம் பார்க்க அடுத்த பண்ணைக்காரியிடம் பேசியாயிற்று.