மேலகரம் வரைக்கும் ஓட்டம்

எங்கள் தெருவில் ஒரு பெண் ஓடினால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். வேறு எதற்கும் பெண்கள் ஓடி யாரும் பார்த்ததில்லை. மொட்டைமாடியில் வற்றல் காயும்போது மழை வந்தால்கூட எட்டிப்போட்டு நடப்பார்களே தவிர ஓட மாட்டார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்தும், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வைகாசிக் காலையில், ஐந்தரை மணிக்கு, வாசற்படி இறங்கி ஓட ஆரம்பித்தேன். இருபது வயசுக் கொழுப்பு என்று அம்மா பிறகு சொன்னாள்.

கொழுப்பு இல்லை. காரணம் இருந்தது. பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து எழுதிப் போட்டிருந்தேன். ஆடி மாதக் கடைசியில் திருநெல்வேலிக்கு வரச் சொல்லித் தபால் வந்தது. உயரம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், அப்புறம் ஓடச் சொல்வார்கள். குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்காவிட்டால் அங்கேயே பெயரை அடித்துவிடுவார்களாம். அப்பா ஒரு வாரம் யோசித்துவிட்டு, "ஒரே ஒரு தடவதான். எடுபடலன்னா புளியங்குடிக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருவேன்" என்றார்.

புளியங்குடிக்காரர் எலுமிச்சங்காய் கமிஷன் கடை வைத்திருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்னை ஏறிட்டுப் பார்க்காமல் எங்கள் கொல்லையில் நின்ற எலுமிச்சை மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காய்ப்பு போதாது என்று சொல்லிப் போனவர். நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேலைக்குப் போக ஆசை. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் கையை நீட்டி ஒரு லாரியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை.

முதல் நாள் தெருமுனை தாண்டி, அப்போது மொட்டையாக நின்ற கோபுரம் வரைக்கும் போய்த் திரும்பினேன். மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தால் வாசலில் பதினைந்து பேர். துட்டி கேட்க வந்திருந்தார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். எதிர்வீட்டு ஆச்சி தலைமுடியையே அவிழ்த்து விட்டிருந்தாள். நடுவில் அம்மா உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். யார் செத்தது என்று அவளுக்கும் தெரியாது. இத்தனை பேர் வந்திருக்கிறார்களே, யாரோ போய்த்தானே இருக்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த அப்பா ஈர வேட்டியோடு வந்து நின்றதும் அவர் இல்லை என்று தெளிவாயிற்று. நானும் வந்து சேர்ந்ததும் ஆச்சி ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள்.

"அப்பம் யாருமே சாகலியா?" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இல்ல ஆச்சி. சும்மா ஓடுனேன்."

"சும்மா யாராவது ஓடுவாவளா? கோட்டிக்காரி."

வந்தவர்களை வெறுமனே அனுப்ப முடியாது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினைந்து பேருக்கும் காப்பி போட்டாள்.

தெரு வேண்டாம் என்று ஆயிற்று. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருந்தது. போய்க் கேட்டேன். "ஆம்பளப் பயலுவ பந்து வெளையாடுத எடம். நீ ஓடுனா அவனுவ பந்தையா பாப்பானுவ?" என்றார் காவல்காரர். அவர்கள் பந்தைப் பார்க்காவிட்டால் அவர்களையல்லவா வெளியே அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அவர் கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, வேட்டியை ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"வெளிய என்னத்துக்கு? கெணத்தச் சுத்தி ஓடு" என்றாள் அம்மா. இரண்டு நாள் கிணற்றைச் சுற்றி ஓடினேன். நாற்பதாவது சுற்றில் எனக்குத் தலை சுற்றியது. தொழுவத்தில் கட்டியிருந்த மாடும் என்னோடு சேர்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அதற்கும் ஏதோ ஆகிப் பால் சுரக்க மறுத்துவிட்டது. மாடா மகளா என்று வந்தபோது, அம்மா யோசிக்கவே இல்லை. மறுநாளே என்னை ரோட்டுக்கு அனுப்பினாள். ஆனால் துணைக்கு அண்ணன் வருவான்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அரிசிக் கடையில் வேலை. காலைத் தூக்கத்திலிருந்து எழுப்பினால் பத்து மணி வரைக்கும் யாரோடும் பேச மாட்டான். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாரல் காற்றுக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி பின்னால் வந்தான். நான் அவனுடைய பழைய காக்கி டிரவுசரை உள்ளே போட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகி, மேலே அவன் சட்டையை மாட்டிக்கொண்டு குற்றாலம் ரோட்டில் ஓடினேன். எதிரே வந்தவர்கள் "எந்த வயல்ல நடவு?" என்று கேட்டார்கள். அதுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று.

ஊர் எல்லை தாண்டியதும் நான்கு பேர் அண்ணனைச் சைக்கிளிலிருந்து இழுத்துப் போட்டார்கள். ஒரு பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள், முகத்தை மறைத்த தடியன் ஒருவன் சைக்கிளில் விரட்டுகிறான். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

"எங்க அண்ணன்! எங்க அண்ணன்!" என்று கத்தினேன்.

"அவன் அப்படிச் சொல்லச் சொல்லி மெரட்டுனானா தாயி? நீ பயப்படாத" என்று சொல்லிவிட்டு ஒருவர் இன்னொன்று வைத்தார்.

மறுநாள் அண்ணன், "நான் முன்னால போறேன். நீ பின்னால வா" என்றான். முன்னால் போனான். முகத்தில் துண்டோடு ஒருவன் சைக்கிளில் போக, பின்னால் ஒரு பெண் மூச்சிரைக்கத் துரத்தி வந்தால் என்ன தோன்றும்? பால்காரர் ஒருவர் மாட்டுவண்டியைக் குறுக்கே விட்டு மறித்தார். "சங்கிலி எங்கலே?" என்று அவன் சட்டைப்பையைத் துழாவினார்கள். ஓடும்போது ஆடுகிறதென்று சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தேன். என் வெறும் கழுத்தைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகமே போய்விட்டது. நான் மூச்சு வாங்கி, பேச வாய் வருவதற்குள் அவனுக்கு விழ வேண்டியது விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் பக்கத்திலேயே வந்தான். முதல் பஸ்ஸில் போன அப்பாவின் சேக்காளி ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்கே நடந்து வந்து அப்பாவிடம் சொன்னார்: "உம்ம மகளும் ஒரு பயலும் சோடியா குத்தாலத்துப் பக்கம் போறாவ. வெரசாப் போனா புடிச்சிரலாம்." அப்பா விரைசாகத்தான் வந்தார். வாடகை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்குமுன்னே ஓங்கி ஒன்று கொடுத்தார். துண்டு விலகியதும்தான் சொந்த மகன் என்று தெரிந்தது.

அன்றைக்கு அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ஏட்டி, உனக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் யாராவது காவலுக்கு வரணும்."

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அதே குற்றாலம் ரோட்டில், மேலகரம் போகும் வழியில் ஒரு டீக்கடை இருந்தது. அதுவரைக்கும் இரண்டு பேரும் நடந்து போவோம். அவன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். நான் மேலகரம் வரைக்கும் ஓடித் திரும்ப வேண்டும். அவன் அப்பாவின் வாட்சைப் பார்த்து நேரம் சொல்வான். டீக்கடை அண்ணாச்சி பெரிய மனதுக்காரர். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "அது நம்ம புள்ள. போலீஸ் வேலைக்கு ஓடுதா. யாரும் மறிக்காதீங்க, யாரும் பின்னால ஓடாதீங்க" என்று சொல்லிவைத்தார். பால்காரர்கள் கேட்டார்கள், வயலுக்குப் போகிறவர்கள் கேட்டார்கள், பஸ் கண்டக்டர்கள் கேட்டார்கள். பத்து நாளில் அந்த ரோட்டில் என்னைத் தெரியாதவர் இல்லை. பயம் போனது. அதற்குப் பதிலாக யோசனைகள் வந்தன. ஒருவர் முட்டியைத் தூக்கு என்றார். இன்னொருவர் கையை வீசாதே என்றார். ஒரு டிரைவர் தினமும் பக்கத்தில் பஸ்ஸை மெதுவாக உருட்டி, "இன்னைக்கு நேத்தைய விடக் கொறவு" என்று சொல்லிவிட்டுப் போவார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். எரிச்சலாக வரும். ஆனாலும் கெட்டதில்லை.

ஆனி பிறந்து குற்றாலத்தில் சீசன் களைகட்டியது. வெளியூர் வேன்கள் வர ஆரம்பித்தன. திருநெல்வேலிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்த ஒரு ஆடிக் காலையில், மேலகரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். புளியமரத்தடியில் ஒரு வேன் நின்றது. கதவருகே ஒருவன் இடுப்பில் ஈரிழைத் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்றான். அருவிக்குப் போகுமுன்னே தேய்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பாப்பா, ரேஸா?" என்று கேட்டுவிட்டு என் பின்னால் ஓடிவந்தான்.

கேலி செய்கிறான், நாலு எட்டில் நின்றுவிடுவான் என்று நினைத்தேன். நிற்கவில்லை. எண்ணெய் வாடையும் சாராய வாடையும் பக்கத்தில் வந்தன. பின்னாலிருந்து ஒரு கை சட்டைக் காலரைப் பிடித்தது. பொத்தான் இரண்டு தெறித்தன. எண்ணெய்க் கை வழுக்கியதால்தான் விட்டான், மனமிரங்கி இல்லை. நான் பயந்தேன். அதற்கு முன் அப்படிப் பயந்ததில்லை. காலுக்குக் கீழே ரோடு இருக்கிறதா என்று தெரியாமல் ஓடினேன்.

தூரத்தில் டீக்கடை தெரிந்தது. எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். "அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். மூச்சு வாங்கியதில் குரல் பாதிதான் வந்தது, சத்தம் போய்ச் சேரவில்லை. அண்ணன் பெஞ்சு மேல் ஏறி நின்று, "விடாத! விடாத!" என்று கத்தினான். அண்ணாச்சி கையிலிருந்த டீ கிளாஸை உயர்த்திக் காட்டினார். ஒருவர் விசில் அடித்தார். நான் வாயைத் திறந்து கதற, அவர்கள் கைதட்டினார்கள்.

அத்தனை பேரைப் பார்த்ததும் பின்னால் வந்தவன் நின்று, திரும்பி நடந்தான். நான் டீக்கடைக்கு வந்து விழுந்தேன்.

"பின்னால வந்த ஆளு யாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"அவனும் செலக்சனுக்குத்தான் ஓடுதான் போல. எண்ணெ தேச்சுட்டு ஓடுனா ஒடம்பு எளகும்லா" என்றார் அண்ணாச்சி.

"ஏட்டி, இத்தன நாள்ல இன்னைக்குத்தான் ஓடியிருக்க!" என்று அண்ணன் வாட்சை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அண்ணன் அந்த வேனை நோக்கி ஓடுவான். மூன்று பேரிடம் ஒருவன். வீட்டுக்குத் தெரியும். அப்பா கதவைச் சாத்துவார். திருநெல்வேலி இல்லை, எலுமிச்சங்காய்க் கடைதான். ஒன்பது நாள்தான் இருக்கிறது. திறந்த வாயை வைத்துக்கொண்டு, "தண்ணி" என்று கேட்டேன். அண்ணாச்சி என் ஓட்டத்தை மெச்சி ஓசியில் ஒரு வாழைப்பழமும் கொடுத்தார். அதையும் தின்றேன்.

பொத்தான் என்னாச்சு என்று அம்மா கேட்டாள். ஓடும்போது தெறித்தது என்றேன். "இப்படி ஓடுனா சட்ட எங்கன தாங்கும்?" என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். கிணற்றடியில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு அழுதேன். காலரில் எண்ணெய்க் கறை போகவே இல்லை.

மறுநாளும் போனேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. வேன் இல்லை. ஆனாலும் பத்தடிக்கு ஒரு தடவை கழுத்து தானாகத் திரும்பியது. டீக்கடை அண்ணாச்சி அதையும் கவனித்துவிட்டார். "தாயி, திரும்பிப் பாக்காத. வேகம் கொறையுது பாரு" என்றார்.

திருநெல்வேலி மைதானத்தில் எங்களை இருபது இருபது பேராக நிறுத்தினார்கள். அப்பாவும் அண்ணனும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். கொடி இறங்கியது. பாதி வரைக்கும் நான் நடுவில்தான் போய்க்கொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் வந்த பெண்ணின் காலடிச் சத்தம் நெருங்கியது. அவள் பாவம், அவள் வேலைக்காக அவள் ஓடினாள். என் உடம்புக்கு அது தெரியவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்கு நினைவில்லை. கோட்டைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்த என்னை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

நேரம் பார்த்த அதிகாரி ஸ்டாப் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடுகிறதா என்று சந்தேகம். பிறகு என் பெயருக்கு நேரே டிக் அடித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, யாராவது தொரத்துனாங்களா?"

மைதானமே சிரித்தது. எழுதிக்கொண்டிருந்தவர் சிரித்தார், கொடி பிடித்தவர் சிரித்தார், மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பெண்களும் சிரித்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். எனக்கு வேலை வேண்டும். நானும் சிரித்தேன்.