குழாய்க்காரர் போட்ட எர்த்

குழாய் வேலை செய்பவருக்கு ஐம்பதைத் தாண்டிய பிறகு ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்தது. பரீட்சை எழுதித் தேறினார், உரிமமும் வாங்கினார். மாடி அறையில் மேசை போட்டு, யாரோ கழித்துக்கட்டிய ரேடியோப் பெட்டியை அதில் வைத்து, மொட்டை மாடியில் மூலைக்கு மூலை ஏரியல் கம்பி இழுத்தார். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, மகள் வெளியூரில். கண்காணாத மனிதர்கள் அந்தப் பெட்டி வழியே பேச்சுத்துணைக்குக் கிடைத்ததும் ஆளே கலகலப்பாகிவிட்டார்.

வீடு அக்காவுடையது. கீழே அவளுடைய தையல் கடை. பாட்டு ஓடினால்தான் அவளுக்கு மெஷின் ஓடும். ஒருநாள் பாட்டுக்கு நடுவே ஸ்பீக்கர் கரகரத்து, "கேக்குதுங்களா, கேக்குதுங்களா?" என்று தம்பியின் குரலில் கூவியது.

பாதி தைத்த சட்டையைக் கையில் பிடித்தபடி படியேறி வந்தாள்.

"நல்லாவே கேக்குதுடா! நீ கத்துன கத்துல சட்டைக்கையை உள்பக்கம் வெளியே வெச்சுத் தச்சுட்டேன். இதை யாரு போடுவா, உன் ரேடியோ சிநேகிதனா?"

"சின்னக் கோளாறுதான் அக்கா. பார்த்துடறேன்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாரு. அப்புறமும் என் ஸ்பீக்கர்ல வந்தே, கம்பியை நானே அறுத்துடுவேன்."

அவள் சொன்னால் செய்வாள். அவர் ஒயரை மாற்றினார், ஏரியலை உயர்த்தினார், பெட்டியை வேறு மூலைக்குத் தள்ளினார். குரல் கீழே போவது நிற்கவில்லை. பெட்டியிலிருந்து மண்ணுக்கு இறங்கும் எர்த்தை மட்டும் அவர் சந்தேகிக்கவே இல்லை. பின்சுவரில் இறங்கும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் அவரே முடுக்கிய கம்பி அது. குழாய் விஷயத்தில் அவருக்கு யார் பாடம் எடுப்பது?

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் குழாயைத் தட்டிக்கொண்டே கீழே வந்தார். மேலே 'டங்' என்றது, இடுப்பளவில் 'டொக்' என்றது. பெயின்டைச் சுரண்டினால் உள்ளே பிளாஸ்டிக். எர்த் மண்ணைத் தொடவே இல்லை.

"இதை மாத்துன மகானுபாவன் யாருடா?" பின்னால் அக்கா.

"நான்தான்."

"அதானே! 'இனிமே துருவே பிடிக்காது'ன்னு நெஞ்சை நிமிர்த்திட்டுப் போனியே!"

அன்றைக்கே சுவரோரம் தடித்த செம்புக் கம்பி ஒன்றைத் தரையில் ஆழமாக அடித்து, எர்த்தை அதில் கட்டினார்.

ஞாயிறு. மாடியில் அவர் பேசினார். கீழே பாட்டு பிசிறில்லாமல் ஓடியது. அக்காவுக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது.

"டேய், பேசுறியா, சும்மா உக்காந்திருக்கியா?"

"தொண்டை கிழியப் பேசுறேன் அக்கா!"

நம்பாமல் மேலே வந்தாள். பெட்டிக்குள்ளிருந்து ஒருவர், "பக்கத்துல யாருங்க, சத்தம் கேக்குதே?" என்றார்.

"எங்க அக்கா. வீட்டு ஓனரம்மாவும் அவங்கதான்."

"கம்பி இருந்துட்டுப் போகட்டும்," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு மைக்கைப் பிடுங்கினாள். "வணக்கம்ங்க. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா இவன் இறங்கியே வரமாட்டேங்கிறான். நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"பொத்தானை அழுத்திட்டுப் பேசணும் அக்கா."

அழுத்தினாள். முதலிலிருந்து தொடங்கினாள். சாப்பாட்டில் ஆரம்பித்த புகார் தம்பியின் சின்ன வயதுக்குப் போய்விட்டது.

"அக்கா, பொத்தானை விடு. விட்டாத்தான் அவர் பேச முடியும்."

"இருடா, நான் இன்னும் முடிக்கலை."