நிறுக்காமல் எழுதிய எடை

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். முப்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில், லஸ்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு தர்ம வைத்தியசாலையில் நான் கம்பவுண்டராக இருந்தேன். வயது இருபத்தாறு. நான் கலக்கும் மருந்தில் ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது என்று எனக்கு நல்ல பெயர். மற்றவர்களைவிட அந்தப் பெயரை நான்தான் அதிகம் நம்பினேன்.

எங்கள் டாக்டர் சீமையில் தோல் வியாதிகளைப் படித்துவிட்டு வந்தவர். குழந்தைகளின் தலையில் வரும் படையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வட்ட வட்டமாக முடி ஒடிந்து, செதில் உதிர்ந்து, சிலருக்குச் சீழும் கட்டும். ஊறுகாய் ஜாடியில் பூக்கிற பூஞ்சணத்துக்கு இது பங்காளி என்பார். உதிர்ந்த முடியை எடுத்து, சர்க்கரையும் கடல்பாசியும் சேர்த்துக் காய்ச்சிய கூழில் போட்டு, கண்ணாடிக் குழாய்களில் அந்தப் பூஞ்சணத்தை வளர்ப்பார். அலமாரி முழுக்கக் குழாய்கள்.

மேலே தடவுகிற எந்தக் களிம்புக்கும் அது மசியவில்லை. முடியின் வேருக்குள்ளேயே குடியிருந்தால் களிம்பு என்ன செய்யும்? அந்த நாளில் சீமை ஆஸ்பத்திரிகளில் புழங்கிய ஒரு மருந்தை டாக்டர் தருவித்தார். தாலியம் என்ற உலோகத்தின் உப்பு. ஒரே ஒரு வேளை உள்ளுக்குக் கொடுத்தால் சில வாரத்தில் தலைமுடி மொத்தமும் கொட்டிவிடும். முடியோடு பூஞ்சணமும் போகும், பிறகு புதுமுடி சுத்தமாக முளைக்கும். ஆனால் அது விஷம். குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் எடை பார்த்து நோட்டில் எழுதுவதுதான் முதல் வேலை. அது என் வேலை.

எடை பார்க்க உத்தரத்திலிருந்து ஒரு வில் தராசு தொங்கியது. அதன் அடியில் பிரம்புக் கூடை. குழந்தையைத் தூக்கிக் கூடையில் உட்கார வைக்க ஓர் ஆயா இருந்தாள். முரண்டு பிடிக்கிற தாய்மாரைப் பேசிச் சரிக்கட்டுவதும் அவள்தான். நான் தள்ளி நின்று முள்ளைப் பார்த்து எழுதுவேன். எங்கள் வீட்டு ஆசாரம் அப்படி. கண்ட பேரையும் தொட்டுவிட்டுப் போனால் குளிக்காமல் உள்ளே நுழைய முடியாது.

ஒரு நாள், பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் புறப்பாடு. ஆயா வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தோம். நான் காலையிலேயே குளித்து, மடித்து வைத்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டு, வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடலாம் என்று வைத்தியசாலையில் நின்றேன். அப்போதுதான் கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் விற்கிற ஒரு பெண் தன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆறு முடிந்து ஏழு நடக்கிறது என்றாள். தலையெல்லாம் படை, ஈ மொய்த்தது. எவனோ பெரியவனின் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான், முழங்கால் வரை தொங்கியது. கன்னம் மட்டும் உப்பலாக இருந்தது.

வாய் ஓயாத பையன். குழாய்களைக் காட்டி அது என்ன என்றான். உன் தலையில் இருப்பதைத்தான் வளர்க்கிறோம் என்றேன்.

“அதுக்குத் துன்றதுக்கு யாரு குடுப்பா?” என்று கேட்டான்.

டாக்டர்தான் கொடுக்கிறார் என்றேன். அதற்குத் தினமும் உண்டா என்று அடுத்த கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் அப்படிக் கேட்டான் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

கூடையில் உட்கார வை என்று தாயிடம் சொன்னதும் அவள் பையனை இறுக்கிக்கொண்டாள்.

“வாணாம் சாமி. தொங்கவுட்டு நிறுக்கறதுக்கு இவன் இன்னா வெறகா? நிறுத்த புள்ள நெலைக்காது.”

இது புது விஷயம் அல்ல. எங்கள் வீட்டிலேயே குழந்தை கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார்கள். ஆயா இருந்தால் பத்து நிமிஷத்தில் அவளைச் சம்மதிக்க வைத்திருப்பாள். இல்லாவிட்டால், நான் பையனை வாங்கிக் கூடையில் வைத்திருக்க வேண்டும். அந்தத் தலையையும் அந்த ஈயையும் பார்த்தேன். வேஷ்டியைப் பார்த்தேன். மறுபடி குளித்தாக வேண்டும், சாமி புறப்பட்டுவிடும். உண்மையைச் சொல்கிறேன், அவள் மறுத்தது எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

சுவரில் சீமைப் பால்மாவு விற்கிறவன் கொடுத்த அட்டவணை ஒன்று மாட்டியிருந்தது. எந்த வயசுக் குழந்தை எத்தனை ராத்தல் எடை இருக்கவேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். கன்னம்தான் உப்பலாக இருக்கிறதே என்று அட்டவணையில் இருந்ததை அப்படியே நோட்டில் எழுதினேன். நாற்பத்தாறு ராத்தல். டாக்டர் என் எழுத்தை நம்பி, சின்னத் தராசில் மருந்தை நிறுத்து, சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். பையன் டம்ளரை நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்றான்.

நான் போய்த் தேரோட்டம் மாதிரி இருந்த கூட்டத்தில் நின்று சாமி பார்த்தேன்.

நாலாம் நாள் அவள் ஓடிவந்தாள். தோளில் பையன் துவண்டு கிடந்தான். கால் எரிகிறது என்று இரவு பகலாகக் கதறியிருக்கிறான், மேலே துணி பட்டால்கூட அலறியிருக்கிறான். எங்கள் கண் முன்னாலேயே வலிப்பு வந்தது. டாக்டர் நோட்டைப் புரட்டி, அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

“எடை பார்த்தீரோ இல்லையோ?”

“பார்த்தேன்” என்றேன்.

எப்படி அந்தச் சொல் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தாய் பக்கத்திலேயே நின்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என்னைக் காட்டிக் கொடுக்கப்போகிறாள் என்று எனக்கு வேர்த்துவிட்டது. அவளோ டாக்டரின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவரு மேல தப்பு இல்ல சாமி. அவரு நிறுக்கணும்னாரு. நான்தான் வாணாம்னு சொன்னேன். நான்தான் எம்புள்ளைய இப்டி பண்ணிட்டேன்.”

டாக்டர் பையனின் சட்டையைக் கழற்றிவிட்டு, அவனைத் தானே தூக்கிக் கூடையில் வைத்தார். விலா எலும்பை எண்ணலாம். முள் முப்பதைக்கூடத் தொடவில்லை. பாதத்துக்கு மேலே விரலால் அழுத்தினார், குழி விழுந்தது, எழும்பவில்லை.

“இது சதை இல்லை ஓய், நீர். வெறும் மெஷின்ல தீட்டின சத்தில்லாத அரிசிக் கஞ்சி குடிச்சு வந்த வீக்கம். நீர் எழுதினது எவனோ சீமைக் குழந்தையோட எடை.”

அவள் சம்மதிக்கவில்லை, அதனால்தான் உத்தேசமாக எழுதினேன் என்றேன். குளிக்க வேண்டியிருக்குமே என்றுதான் விட்டேன் என்று சொல்லவில்லை.

பையனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் கொண்டுபோனோம். அங்கே தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஒரு வாரம் விட்டு விட்டு வலிப்பு. பிழைத்தான். டாக்டர் சொன்ன கணக்குப்படியே முடி கொட்டியது, புது முடி கறுகறுவென்று முளைத்தது, படை இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் அந்தப் பேச்சு போய்விட்டது. அம்மா என்பான், பசி என்பான். மற்றதற்கெல்லாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மூளையின் நரம்புகளில் விஷம் ஏறிவிட்டது, இனித் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். மிச்ச மருந்தைக் கடைசிவரை அவர் தொடவே இல்லை.

ஆராய்ச்சிக் குறிப்பை எழுதி முடித்ததும் நகல் எடுக்க என்னிடம்தான் கொடுத்தார். ஒரு குழந்தைக்கு, தாய் மறுத்ததால் எடை பார்க்க இயலவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் ஒரு சொட்டு மை சிந்தாமல் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

இதற்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வைத்தியசாலை இப்போது படைக்குப் பழையபடி களிம்பும், ஊட்டமில்லாத குழந்தைகளுக்கு மீனெண்ணெயும் கொடுத்துவந்தது, எடையும் பார்த்தது. குப்பத்துப் பெண்களை அவளே கூட்டிவருவாள். யாராவது கூடையைப் பார்த்து மிரண்டால் குழந்தையை வெடுக்கென்று வாங்கித் தானே உட்கார வைப்பாள்.

“நிறுக்க வுடுங்கடி. நான் வாணாம்னு சொல்லித்தான் எம்புள்ள இப்டி கீறான்.”

பக்கத்தில் அவன் நிற்பான். வளர்ந்துகொண்டே வந்தான். அவள் இதை எத்தனை பேரிடம், எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இல்லையம்மா, உன் பேரில் தப்பில்லை, உன் பிள்ளையைத் தொட அன்றைக்கு எனக்குத்தான் மனசில்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். வேலை போகும், பெயர் கெடும் என்று பயந்தேன். பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று பயந்தேன். ஒரு மழைக்காலத்தில் அவள் வருவது நின்றது. விசாரித்தபோது, காய்ச்சலில் போய்விட்டாள், பையனை யாரோ உறவுக்காரர்கள் எண்ணூர்ப் பக்கம் கூட்டிப்போனார்கள் என்றார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் குழந்தைக்கு நான் செய்தது ஒரு நாள் தவறு, அதை நினைத்து அழுதும் இருக்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளையைத் தானே கெடுத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டே ஒரு தாய் செத்துப்போக விட்டேனே, அதற்கு அழக்கூட எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.