செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் பஸ்

திருவண்ணாமலையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் செருப்புப் பாதுகாக்கும் கடை வைத்திருக்கிறேன். சாமி பார்க்க வருகிறவர்கள் செருப்பை என்னிடம் விட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள். வயது அறுபத்தொன்பது. மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்று ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதனால் இதை மெதுவாகத்தான் எழுதுகிறேன். போனில் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். ஒரு வரி முடிந்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிற ஆசை எனக்கு இன்னும் தீரவில்லை.

இந்த மாசி மாதம் வியட்நாமுக்குத் தனியாகப் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். கிளம்புவதற்கு முன் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளைப் படித்தேன். பயந்ததாக ஒருவர்கூட எழுதவில்லை. நான் நிறையப் பயந்தேன். என்னைப் போல யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது வேலூரில் பேங்க்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வருவார். நாலு ஊர் நாலு நாடு சுற்றியவர். ஒரு பௌர்ணமியன்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

“பெரியவரே, வியட்நாம்ல உங்களுக்கு நல்லா வியாபாரம் ஆகும். அங்க பஸ்ஸுல ஏறணும்னாலே செருப்பக் கழட்டணும்.”

“பஸ்ஸுக்குள்ள சாமியாம்மா வச்சிருக்கான்?”

“சாமி இல்ல, படுக்கை. பட்டப்பகல்லயே படுத்துக்குனு போலாம்.”

அவர் நடக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. நாற்பது வருடமாக மற்றவர்கள் கழற்றிய செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த பௌர்ணமிக்கு அவரே விவரம் சொன்னார். அங்கே முதுகில் பையை மாட்டிக்கொண்டு சுற்றுகிறவர்களுக்கென்று ஒரு டிக்கெட் உண்டு. வழியில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட். எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கி, பிடித்திருந்தால் நாலு நாள் தங்கி, பிறகு அதே கம்பெனியின் வேறு பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று, கிளம்புவதற்கு முதல் நாளே அந்த ஊர் ஆபீசில் போய் இடம் சொல்லி வைக்க வேண்டும். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி ரோட்டில் கையைக் காட்டினால் நிற்காது.

நான் தேர்ந்தெடுத்த வழி சைகோன், தாலாத், ந்யா ட்ராங், முய் நே, மறுபடி சைகோன். மொத்தம் ஏறக்குறைய 860 கிலோமீட்டர். டிக்கெட் நம் பணத்தில் 2,700 ரூபாய். வரைபடத்தில் பார்த்தால் இது ஒரு சுற்று. நிறையப் பேர் முதலில் முய் நே போய் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். அது இடமாகச் சுற்றுவது. எனக்கு மனம் ஒப்பவில்லை, வலமாகவே போட்டுக்கொண்டேன்.

என் மனைவி பச்சையம்மாளிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“இன்னாய்யா, கீழ்பென்னாத்தூர் போய்ட்டு வரதுக்கே பஸ்ஸு வந்துச்சா, பஸ்ஸு போய்டுச்சானு பத்து பேரக் கேப்ப. அங்க யாரக் கேப்ப? எந்த பாஷைல கேப்ப?”

“இப்பதான் படிக்கத் தெரியும்ல.”

“உனுக்காக தமிழ்ல எழுதி மாட்டி வச்சிருக்கானா?”

அவள் கேட்டது நியாயம். இங்கிலீஷில் எனக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரியும். நீயும் வாயேன் என்றேன். “நான் எதுக்கு? கடைய யார் பாக்குறது?” என்று சொல்லிவிட்டாள்.

பயம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. எழுத்துத் தெரியாத காலத்தில் எனக்கு இப்படிப் பயம் இருந்ததில்லை. கண்டக்டரின் குரலைக் கேட்டு ஏறுவேன், ஊர் முனையில் இருக்கும் மரத்தைப் பார்த்து இறங்குவேன். படிக்கக் கற்ற பிறகு எல்லாவற்றையும் படிக்கிறேன். பஸ் கம்பெனியின் விதிகளைப் போன் தமிழில் மாற்றிக் காட்டியது. மற்றவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் போவார்களாம். எனக்குத் தள்ளிப் படிக்கத் தெரியாது. “ஓய்விடத்தில் குறித்த நேரத்தில் திரும்பாத பயணிக்காகப் பேருந்து காத்திருக்காது. பேருந்தில் விட்ட பொருளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.” எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்ததால் அந்த இரண்டு வரியும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. செருப்பை வாங்கி வைக்கும்போதுகூட அது ஞாபகம் வந்துவிடும். இரண்டு முறை வேண்டாமென்று முடிவு செய்து, இரண்டு முறையும் மாற்றிக்கொண்டேன்.

செங்கம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விசாவுக்குப் போட்டேன். இருபத்தைந்து டாலர். பாஸ்போர்ட்டில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதைக் கடைக்காரரிடம் வேலையில்லாமல் எடுத்துக் காட்டினேன். விமான டிக்கெட் போகவர 17,400 ரூபாய், திருச்சியிலிருந்து. பச்சையம்மாள் தன் பழைய புடவையைக் கிழித்து இடுப்பில் கட்டும் பை ஒன்று தைத்தாள். “பாஸ்போர்ட்டு இதுல. குளிக்கும்போது தவிர அவுக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

திருவண்ணாமலையிலிருந்து திருச்சி சுமார் 190 கிலோமீட்டர், பஸ்ஸில் நான்கரை மணி நேரம். விமானம் மேலே ஏறும்போது கண்ணை மூடியவன், சாப்பாட்டு வண்டி வந்து இடித்தபோதுதான் திறந்தேன். சைகோனில் முதல் பயம் ரோட்டைக் கடப்பது. மோட்டார் சைக்கிள்கள் நிற்பதே இல்லை. பழக்கூடை தூக்கிய ஒரு அம்மாளின் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு கடந்தேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு கடைப் பலகையில் CHAY என்று நான்கு எழுத்து. சைவச் சாப்பாடு என்று வேலூர் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். வெளிநாட்டில் நானே படித்த முதல் சொல் அதுதான். அங்கே நின்று நான்கைந்து முறை படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தாலாத் பஸ். வாசலில் வந்ததும் செருப்பைக் கழற்றி, படிக்குப் பக்கத்தில் தரையில் ஜோடியாக வைத்துவிட்டு ஏறிவிட்டேன். பஸ் கிளீனர் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கோயில் பழக்கம், வேறென்ன. அங்கே செருப்பும் கூடவே வரும். வழியில் சாப்பிட இறங்கும்போது பஸ்காரர்களே வாசலில் ரப்பர் செருப்பு போடுவார்கள். அதை மாட்டிக்கொண்டு போய்விட்டு வர வேண்டும்.

தாலாத்தில் நல்ல குளிர், இரண்டு நாள் இருந்தேன். ந்யா ட்ராங்கில் கடல், மூன்று நாள். ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் முதல் வேலையாக ஆபீசுக்குப் போய் அடுத்த இடத்தைச் சொல்லி வைத்தேன். எல்லாம் சரியாக நடந்தது. அதனால்தான் கொஞ்சம் அசட்டையாகிவிட்டேன்.

ந்யா ட்ராங்கிலிருந்து முய் நே 220 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். பகல் ஒரு மணிக்குக் கிளம்பியது. படுத்திருக்கும்போது இடுப்புப் பை குத்தியது. அவிழ்த்துத் தலைமாட்டில் வைத்தேன். போனையும் சார்ஜில் போட்டேன். மூன்று மணிக்குக் கடலோரத்தில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். சுற்றிலும் உப்பளம், மரக்காணம் மாதிரியே இருந்தது. கிளீனர் இரண்டு கை விரல்களையும் இரண்டு முறை விரித்துக் காட்டினார், இருபது நிமிடம். பச்சை நிற ரப்பர் செருப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு கழிவறைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பஸ் இல்லை.

பஸ் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. நான் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாஸ்போர்ட், போன், பணம் எல்லாம் அந்தப் படுக்கையில். காத்திருக்காது என்ற வரி தமிழில் கண் முன்னால் ஓடியது. கொஞ்ச தூரத்தில் ஐந்தாறு பஸ்கள் நின்றன. எல்லாம் ஒரே உயரம், ஒரே சிவப்பு. எண் படிக்க எனக்கு எப்போதுமே தெரியும், ஆனால் நம்பரைப் பார்க்காமல் இறங்கியிருந்தேன். பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தேன். எழுத்துக்கு மேலே தொப்பி, கீழே புள்ளி. பதறும்போது தெரிந்த எழுத்தும் தெரியாத எழுத்தாகிவிடுகிறது. ஒரு பஸ்ஸில் ஏறப் போனேன், டிரைவர் கையை ஆட்டி இறக்கிவிட்டார். “என் பையி, என் பையி உள்ள கீது” என்று தமிழில் கத்தினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த பஸ் கிளம்பியது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் கிளம்பியது. இரண்டில் ஒன்று என்னுடையதோ என்னவோ.

அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் என் கண் எங்கே போகும்? பழக்கதோஷம், நடக்கிறவர்களின் காலுக்குப் போனது. நீலச் செருப்புப் போட்டவர்கள் ஒரு பஸ்ஸுக்குப் போனார்கள். பழுப்புச் செருப்புப் போட்டவர்கள் இன்னொன்றுக்கு. பிறகுதான் என் காலைப் பார்த்தேன். பச்சை.

எழுந்து சாப்பாட்டுக் கடைக்குள் ஓடினேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டு போனேன். நீலம், நீலம், பழுப்பு, சொந்த ஷூ. கடைசி மேஜையில் இரண்டு ஜோடி பச்சை. ஒரு அம்மாளும் அவருடைய கணவரும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரில் போய் உட்கார்ந்துவிட்டேன். வெளியே இன்னொரு பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. உயிர் போய்விட்டு வந்தது. ஆனால் பச்சைக் கால்கள் அசையவில்லை, அதனால் நானும் அசையவில்லை. அந்த அம்மா எவ்வளவு மெதுவாகக் குடித்தார்! குடித்துவிட்டுத் திராட்சை வாங்கப் போனார், நானும் போனேன். அவர் திரும்பி முறைத்தார். நான் என் காலைக் காட்டினேன், பிறகு அவர் காலைக் காட்டினேன். அவருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கணவரைக் கூப்பிட்டு மூன்று பேர் காலையும் காட்டிச் சிரித்தார். கடைக்குப் பின்பக்கம் கூட்டிப் போனார்கள். மற்ற பஸ்களுக்கு இடம் விட எங்கள் பஸ்ஸை அங்கே நகர்த்தி நிறுத்தியிருந்தார்கள். தலைமாட்டில் புடவைத் துணிப் பை அப்படியே இருந்தது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டேன். திராட்சை கொடுத்தார்கள், தின்றேன். முய் நே வரும்வரை பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அந்தப் பதற்றத்தில் பச்சைச் செருப்போடே முய் நேயில் இறங்கி அறைக்குப் போய்விட்டேன். என் செருப்பு பஸ்ஸோடு போய்விட்டது. நாற்பது வருடத்தில் அடுத்தவர் செருப்பு ஒன்றுகூட என்னிடம் தொலைந்ததில்லை, சொந்தச் செருப்பை விட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. விட்ட பொருளுக்குப் பொறுப்பல்ல என்று தெளிவாக எழுதியும் இருக்கிறது. கேட்பதற்கே பயம், கேட்க பாஷையும் இல்லை. காலையில் அடுத்த இடத்தைச் சொல்லி வைக்க ஆபீசுக்குப் போனேன். மேஜையில் இருந்த பெண் டிக்கெட்டைக் கேட்கவில்லை. எட்டி என் காலைப் பார்த்தார். உள்ளே போய், பஸ்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். அதில் என் செருப்பு, இடது வாரில் ஊக்கு குத்தியது. டோக்கன் இல்லை, பேச்சு இல்லை. குனிந்து என் முன்னால் ஜோடியாக வைத்தார், விரல் பக்கம் வெளியே பார்க்க. நான் வைப்பதும் அப்படித்தான்.

சைகோன் திரும்பி, சுற்றை முடித்து, ஊர் வந்து சேர்ந்தேன். எல்லாச் செலவும் சேர்த்து 41,000 ரூபாய் ஆயிற்று.

போக நினைப்பவர்களுக்கு: தை மாசி வாக்கில் வரும் அவர்களுடைய புத்தாண்டு நாட்களில் போகாதீர்கள், பஸ்ஸில் இடம் கம்மி, விலை ஜாஸ்தி. பொது அறையில் ஒரு கட்டில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும். இறங்கிய உடனே அடுத்த இடத்தைச் சொல்லி வையுங்கள். ஓய்விடத்தில் பஸ் நம்பரைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். நகர்த்தி நிறுத்துவார்கள், பதறாதீர்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் பதறுவீர்கள். அப்போது கீழே பாருங்கள். பாஸ்போர்ட் இடுப்பை விட்டு இறங்கவே கூடாது. பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் போகவில்லை. அந்த எண்ணெய்க் கறை இன்னும் கண்ணில் நிற்கிறது. பயத்தையும் கூட்டிக்கொண்டுதான் சுற்றி வந்தேன், வர முடிந்தது.

இடுப்புப் பையை அவிழ்த்த கதையைப் பச்சையம்மாளிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தேன். முடியவில்லை. நன்றாகத் திட்டி முடித்துவிட்டு, கடையில் டோக்கன்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அந்த சைகோன்லேர்ந்து மேலுக்கு இன்னும் பஸ்ஸு போவுதாமே?”

“போவுது. ஹனோய் வரைக்கும் போவுது. உனுக்கு பயமா இல்ல?”

“பயமாத்தான் கீது. நான் எத்தயும் படிக்க மாட்டேன், உன் கால மட்டும் பாத்துக்கினே வரேன்.”